மூன்றாவது இழுப்பறை

எங்கள் ஊரின் மேல் முழுக் கிரகணம்
ஒன்றே முக்கால் நிமிடம் நிற்கும் என்று
கணக்குச் சொன்னார்கள்.
அன்றிலிருந்து புர்கோஸில்
படுக்கைகளுக்கு விலை முளைத்தது.

மேலாளர் லெயாந்த்ரோ ஒரு பட்டியல் நீட்டினார்.
பன்னிரண்டு பெயர். பதினாலு மாதம் முன்பே
இரவுக்கு அறுபத்தெட்டு யூரோ முழுசாய்க் கட்டியவர்கள்.
“கூப்பிட்டுச் சொல், இட்சியார்.
கணினியில் பிழை. இப்போது முந்நூற்றுப் பத்து.
முடியாதென்றால் பணம் திரும்பும்,
படுக்கை கிடையாது.”

எந்தக் கணினி என்று நான் கேட்கவில்லை.
கணினி பாவம், அதற்கு வாயில்லை.
என் வாய்க்குத்தான் மாதச் சம்பளம்.

சிரித்தபடி பேசினால் குரலிலும் சிரிப்பு ஒட்டும் என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சிரித்தேன்.
சலமாங்காவின் மருந்துக்கடைக்காரர்
இரண்டு பெருமூச்சு விட்டு அட்டை எண்ணைச் சொன்னார்.
செவில்யாத் தம்பதி தங்களுக்குள் சண்டை போட்டு முடிக்கும்வரை
தொலைபேசியைக் காதில் வைத்துக் காத்திருந்தேன்.
ஒருவர் என்னிடமே மன்னிப்புக் கேட்டார்,
“முதலிலேயே நான் கவனித்திருக்க வேண்டும்.”
எதை?

பதினொரு ‘சரி’.

பன்னிரண்டாவது பெயர் எலாதியா ரெபோய்ரோ.
விலாகார்சியாவில்
மட்டியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை.
பின்னால் இயந்திரம் தடதடத்தது.
“கட்டிவிட்டேனே.”
“பிழை நேர்ந்துவிட்டது, அம்மா...”
“நிலா தன் தேதியை மாற்றிக்கொண்டதா?”
“இல்லை.”
“அப்போது நான் மட்டும் எதற்கு?”
வைத்துவிட்டாள்.

முந்தின நாள் மாலை வந்து நின்றாள்.
நாலாய் மடித்த ரசீது,
மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியது.
லெயாந்த்ரோ டையைச் சரிசெய்துகொண்டே
சந்தை என்றார், தேவை என்றார், நிலைமை என்றார்.
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு,
காபி கேட்பதுபோலக் கேட்டாள்:
“புகார்த் தாள் கொடுங்கள்.”

எங்கள் நாட்டில் எந்தக் கல்லாவின் பின்னாலும்
அந்தத் தாள் இருந்தே ஆகவேண்டும்.
‘கேட்டால் தரப்படும்’ என்று சுவரில் பலகை.
எங்களுடைய பலகைக்கு முன்னால்
ஆளுயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் செடி.

“தீர்ந்துபோய்விட்டது.”
“அப்படியானால் போலீஸைக் கூப்பிடுகிறேன்.
அவசரமில்லை, மூன்று நாள் விடுப்பு.”
நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

மூன்றாவது இழுப்பறை.
அந்தக் கட்டின் மேல்தான்
தினமும் என் ரொட்டியை வைப்பேன்.
கை தானாகப் போனது என்று சொல்ல ஆசை.
தானாகப் போகவில்லை.
வாடகையை நினைத்தது,
செப்டம்பரில் முடியும் ஒப்பந்தத்தை நினைத்தது,
லெயாந்த்ரோவின் கழுத்து சிவப்பதைப் பார்த்தது,
அப்புறம் போனது.

வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு.
மூன்றிலும் பதியும்படி அழுத்தி எழுதினாள்.
பேசிய விலை. கைநீட்டி வாங்கிய காசு. நாள். தொகை.
ஆறே வரி.

‘விடுதியின் விளக்கம்’ என்ற கட்டத்துக்கு மேல்
லெயாந்த்ரோவின் பேனா வெகுநேரம் நின்றது.
‘கணினி’ என்று வாயால் சொல்வது எளிது,
எழுதினால் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.
“பன்னிரண்டாம் அறைச் சாவி” என்றார்,
என்னைப் பார்க்காமல்.
அவள் சாவியையும் எடுத்துக்கொண்டாள்,
தன் பிரதியையும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் தெரு முழுக்க
அட்டைக் கண்ணாடி மாட்டிய முகங்கள்.
வாசற்படியில் எலாதியாவுக்குப் பக்கத்தில்
சலமாங்கா மருந்துக்கடைக்காரர்.
“அறை நன்றாக இருக்கிறதா?”
“குழாய் ஒழுகுகிறது.”
“இந்த விலைக்கா!”
“அறுபத்தெட்டுக்கு இது போதும்.”

அப்போதுதான் இருட்டியது.

நாய்கள்கூடக் குரைக்கவில்லை.
யாரோ அழுதார்கள், யாரோ கை தட்டினார்கள்.
ஒன்றே முக்கால் நிமிடம்,
யாருக்கும் ரசீது இல்லை.

ஒளி திரும்பியபோது
எல்லோரும் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருக்க,
அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
கல்லாவை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

நான் எழுந்து
பிளாஸ்டிக் செடியை நகர்த்தி வைத்தேன்.